ஹில்மாவின் கதவு

ஈரத் துணிக்குள் ஐஸ் கட்டியை வைத்து, ஸ்பூனின் பின்பக்கத்தால் அலமு தட்டிக்கொண்டிருந்தாள். பெரிய துண்டாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். உடைந்ததில் பொடியாக ஒன்றை எடுத்து ஜம்புநாதனின் உதட்டில் வைத்தாள். அவர் கண்ணைத் திறக்காமலே அதை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“போதுமா?”

தலை மெல்ல அசைந்தது. போதும் என்றா, இன்னும் வேண்டும் என்றா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தத் தலையசைப்பு அவளுக்குப் பிடிபட்டதில்லை.

வெளியே தாழ்வாரத்தில் ரேடியோ பிரெஞ்சில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. முந்தின நாள் தேர்தல். கியூபெக்கைக் கனடாவிலிருந்து பிரித்துத் தனி நாடாக்க வேண்டும் என்கிற பிரெஞ்சுக்காரர் கட்சி ஜெயித்துவிட்டது. காலையில் படுக்கை விரிப்பு மாற்ற வந்த இளம் பெண் “போன்ஜூர், மதாம்!” என்று கல்யாண வீட்டில் வரவேற்பதுபோல் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் ஊசி போட வந்த வயதான இங்கிலீஷ் நர்ஸின் மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. இரண்டு பேரும் ஒரே அறையில் ஒரே கட்டிலைச் சுற்றி வேலை செய்தார்கள். ஒருத்தி முகத்தை மற்றவள் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிற்றில் ஆரம்பித்தது ஈரல் வரைக்கும் போய்விட்டது. நான்கு நாளாகப் பாதி மயக்கத்திலேயே கிடந்தவர், அன்றைக்கு மட்டும் எதனாலோ தெளிவாக இருந்தார்.

“யாரு ஜெயிச்சது?” என்று கேட்டார்.

“அவங்கதான்.”

முகத்தை அவள் பக்கம் திருப்பினார். பிறகு உதடு கோணியது. சிரிக்கிறார் என்று அலமுவுக்குப் புரிந்தது.

“பாத்தியா, அந்த ரெண்டு நர்ஸும் பேசிக்கல. இனிமே இங்க ஒரே தெருவுல இருக்கறவங்ககூட முகத்தத் திருப்பிக்கிட்டுப் போவாங்க. ஹெட்லியில அப்படித்தான் ஆச்சு.”

ஹெட்லி. அந்தப் பெயரை அவர் அவளிடம் சொல்லி எட்டு வருஷம் இருக்கும்.

ஹெட்லி என்பது அமெரிக்காவின் நட்ட நடுவில், நெப்ராஸ்காவில் இருக்கிற ஒரு ரயில் ஊர். மாயவரத்தில் பிறந்து, உதவித்தொகை வாங்கிக்கொண்டு மேல்படிப்புக்காகக் கடல் கடந்து போன ஜம்புநாதனுக்கு, வேறு யாரும் தொட விரும்பாத அந்த ஊரைத்தான் ஆராய்ச்சிக்கென்று தூக்கிக் கொடுத்தார்கள். முதலில் முகம் சுளித்தவர் அப்புறம் அதிலேயே விழுந்துவிட்டார். மாண்ட்ரியாலுக்கு வரலாற்றுப் பேராசிரியராக வந்து, புரோசார்டில் புதிதாக முளைத்த தெருவில் வீடு வாங்கிய பிறகும், கோடை விடுமுறை வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போவார்.

முதல் சில வருஷங்கள் இராச் சாப்பாட்டு மேஜையில் ஹெட்லியைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அங்கே ஆறு இல்லை, மலை இல்லை, ஊர் உண்டாவதற்கு ஒரு காரணமும் இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் புல். தண்டவாளம் போட்டுக்கொண்டே போன கம்பெனிக்காரன், நூறு மைலுக்கு ஒரு தரம் எஞ்சினுக்குத் தண்ணீரும் கரியும் வேண்டும், ஓட்டுகிறவனுக்கு ஓய்வு வேண்டும் என்று வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தான். அந்தப் புள்ளிதான் ஊரானது. லோகோ ஷெட் வந்தது, ஒர்க்‌ஷாப் வந்தது, ஸ்வீடன்காரனும் ஜெர்மன்காரனும் பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள், சர்ச் வந்தது, கல்லறை வந்தது.

“நம்ம பக்கம் கோயிலச் சுத்தித் தெரு இருக்கும். அங்க லோகோ ஷெட்டச் சுத்தித் தெரு” என்பார், சாதத்தைக் குழியாக்கி அதில் குழம்பை ஊற்றியபடி.

அலமுவுக்கு அந்தக் கதைகள் பிடித்திருந்தன. அதிலும் விசில் கதை. ஒவ்வொரு டிரைவரும் தன் கைவாகுக்கு ஒரு மாதிரி விசில் ஊதுவானாம். வண்டி ஊர் எல்லையைத் தொடும்போதே யார் வருகிறான் என்று அவன் பெண்டாட்டிக்குத் தெரிந்துவிடும். உடனே உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றுவாளாம். “இது என்ன அதிசயம்? உங்க கார் முக்குல திரும்பற சத்தத்துக்கு நானும்தான் தோசைக் கல்லப் போடறேன்” என்று அலமு சொன்னாள். அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அந்த ஊரை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அடுத்த கோடையில் என்றார். அதற்கடுத்த கோடையிலும் அதையே சொன்னார்.

பிறகு அறுபத்தெட்டாம் வருஷத்து ஜூலை வந்தது. ஆரணியிலிருந்து அலமுவுக்குத் தந்தி: அப்பாவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்படு. அந்தக் காலத்து வழக்கப்படி அலமுவின் பெயரும் மகள் கமலினியின் பெயரும் ஜம்புநாதனின் பாஸ்போர்ட்டிலேயே சேர்க்கப்பட்டிருந்தன. அந்தப் பாஸ்போர்ட் அவர் கோட்டுப் பையில் ஹெட்லியில் இருந்தது. அவர் வந்து கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. ஹெட்லியில் இருந்த ஒரே ஓட்டலுக்கு அலமு போன் செய்தாள். புரொபசர் ஊருக்கு வெளியே ஏதோ பண்ணை வீட்டுக்குப் போயிருக்கிறார், வந்தால் சொல்கிறேன் என்றான் ஓட்டல்காரன். மறுநாளும் செய்தாள். அதற்கு மறுநாளும் செய்தாள். ஒன்பது வயதுக் கமலினி போன் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஜம்புநாதன் கூப்பிட்டபோது, அப்பா போய்விட்டார் என்று இரண்டாவது தந்தி வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இனிப் புறப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

“ஒரு கிழவி வீட்ல இருந்தேன் அலமு. அங்க போன் கிடையாது. எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அவர்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவருக்குத் தெரிந்திருக்க வழி இல்லைதான். அலமு சண்டை போடவில்லை, அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. அவருக்கு வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டாள், சட்டையை இஸ்திரி போட்டாள், விருந்தாளிகள் எதிரில் சிரித்துப் பேசினாள். ஹெட்லியைப் பற்றிக் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவர் ஆரம்பித்தால் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவருவாள். நாலைந்து முறை அப்படி நடந்தது. அதன் பிறகு அவரும் ஆரம்பிக்கவில்லை. கார் முக்கில் திரும்புகிற சத்தம் கேட்டாலும் அவர் உள்ளே வந்து, உடுப்பு மாற்றி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் வரைக்கும் அவள் அடுப்பைப் பற்றவைப்பதில்லை.

இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவரே அந்தப் பெயரைச் சொல்கிறார். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவர அலமுவுக்குத் தோன்றவில்லை. துணியை மடித்துக் கிண்ணத்தின் மேல் போட்டுவிட்டு நாற்காலியைக் கட்டிலருகே நகர்த்தினாள்.

“அங்க என்ன ஆச்சு?”

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். மஞ்சள் பூத்த கண்கள்.

“கேக்கறியா?”

“சொல்லுங்க.”

மெதுவாகத்தான் சொன்னார். நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டார். சில இடங்களில் சொன்னதையே திருப்பிச் சொன்னார். இருபத்திரண்டாம் வருஷம் ரயில் கம்பெனிகள் ஒர்க்‌ஷாப் ஆட்களின் கூலியைக் குறைத்தன. நாடு முழுக்க ஆட்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். ஹெட்லியிலும் வந்தார்கள். கம்பெனி வெளியூரிலிருந்து ஆள் இறக்கியது, துப்பாக்கியோடு காவல் போட்டது. எமில், ஆஸ்கார் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர், இரண்டு பேருக்கும் பாய்லர் வேலை. வேலையை விட்டு வந்த அன்று தோளில் கை போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். ஆஸ்காரின் குழந்தைக்குத் தொண்டைக் காய்ச்சல் கண்டது. ரொட்டிக்கே வழியில்லாத வீட்டுக்கு டாக்டர் எப்படி வருவார்? ஒருநாள் காலையில் எல்லாரும் பார்க்க ஆஸ்கார் ஷெட்டுக்குள்ளே போய்விட்டான்.

“கருங்காலி” என்றார் ஜம்புநாதன். “அந்த ஊர்ல அதுக்கு ஒரு வார்த்தை இருக்கு. அதவிட நம்ம வார்த்தை நல்லாருக்கு.”

“குழந்தை?”

“பொழச்சுது.”

அலமு தன்னையறியாமல் மூச்சு விட்டாள்.

“எமிலுக்கு அப்புறம் ரயில்ல வேலையே கெடைக்கல. தானியக் கிடங்குல மண்வெட்டி புடிச்சான். அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒட்டி ஒட்டி. நடுவுல ஒரு வேலி. எமில் பொண்டாட்டி ஹில்மா துணி காயப்போட வந்தா அடுத்த வீட்டுக்காரி உள்ள போயிடுவா. இப்படி ஊரு பூரா. நாவிதன் ரெண்டு பேரு, மளிகைக் கடை ரெண்டு, சர்ச்ல இந்தப் பக்கம் அவங்க, அந்தப் பக்கம் இவங்க. முப்பது வருஷத்துக்கு மேல.”

“பேசவே இல்லையா?”

“பேசவே இல்ல.”

அறையில் ஹீட்டர் குழாய் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. அலமு ஜன்னலைப் பார்த்தாள். அவரும் ஜன்னலைப் பார்த்தார்.

“அப்புறம் டீசல் எஞ்சின் வந்துது” என்றார் அவர். “அதுக்குத் தண்ணியும் வேணாம் கரியும் வேணாம். ஹெட்லியில நிக்க வேண்டிய அவசியமே இல்ல. ஷெட்ட இழுத்து மூடிட்டாங்க. எதுக்காக அடிச்சுக்கிட்டாங்களோ அதுவே போச்சு. அந்தக் குளிர்காலத்துல எமில் படுக்கையில விழுந்தான். இனிமே எழுந்திருக்க மாட்டான்னு தெரிஞ்சுபோச்சு. ஒருநாள் ஆஸ்கார், வேலியச் சுத்திக்கிட்டு வந்து, அண்ணன் வீட்டு வாசப்படியில நின்னான். தொப்பியக் கையில எடுத்துக்கிட்டு. நல்ல பனி.”

“இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?”

அவர் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

“ஹில்மாதான். வருஷா வருஷம் போவேன், வருஷா வருஷம் கதவடைச்சுத் துரத்துவா. அந்த ஜூலைல…” என்று நிறுத்தினார்.

எந்த ஜூலை என்று அலமு கேட்கவில்லை.

“அந்த ஜூலைல அவளுக்கு முடியாமப் போயி, அக்கா பையன் பண்ணையில இருந்தா. என்ன நெனச்சாளோ, வரச் சொல்லி ஆள் அனுப்பினா. போயிட்டேன். ஒரேயடியாச் சொல்ல மாட்டா. ஒரு வரி சொல்லுவா, உருளைக்கிழங்கு தோல் சீவுவா. மறுபடி ஒரு வரி. நடுவுல எழுந்து போனா மனசு மாறிடுவாளோன்னு பயம். அங்கயே வைக்கோல் போர்ப் பக்கம் ஒரு ரூம்ல படுத்துக்கிட்டேன்.” நெற்றி வேர்த்திருந்தது. அலமு துடைத்தாள். “ஒருநாள் சாயங்காலம் திடீர்னு கேட்டா. ‘உனக்காக வீட்ல யாராவது காத்திருக்காங்களா’ன்னு. பொண்டாட்டியும் பொண்ணும்னேன். ‘அப்ப இங்க என்ன பண்றே, போ’ன்னா.”

அலமுவின் கை துணியோடு அவர் நெற்றியிலேயே நின்றது.

“நான் போகல, அலமு. ஆஸ்கார் வாசல்ல வந்து நின்ன வரைக்கும் சொல்லியிருந்தா. மிச்சத்தையும் கேட்டுட்டுப் போயிடலாம்னு இன்னொரு நாள் இருந்தேன்.”

அந்த இன்னொரு நாள். அப்பா அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார் என்று அண்ணன் பிற்பாடு எழுதியிருந்தான். முந்தின நாளே புறப்பட்டிருந்தால் போய்ச் சேர்ந்திருக்க முடியுமோ, முடியாதோ. பம்பாய் விமானத்தையும் சென்னை ரயிலையும் ஆரணி பஸ்ஸையும் அவள் எத்தனையோ முறை மனதில் கோத்துக் கோத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு தரம் முடியும் என்று வரும், ஒரு தரம் முடியாது என்று வரும். இப்போது அதை நினைக்கக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கோபமில்லை. இதைச் சொல்வதற்காக இந்த மனிதர் எத்தனை நாள் சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறந்திருப்பார், தான் எத்தனை முறை எழுந்து தண்ணீர் எடுக்கப் போயிருப்போம் என்றுதான் ஓடியது.

“சரி” என்றாள். “ஆஸ்கார் வாசல்ல நின்னான். ஹில்மா என்ன பண்ணா?”

அவர் முகம் தெளிந்தது. பழைய சாப்பாட்டு மேஜை முகம்.

“உள்கதவத் தெறந்துட்டா. வெளில கம்பி வலைக் கதவு ஒண்ணு இருக்கும். அதுல கொக்கி மாட்டியிருக்கு. இந்தப் பக்கம் இவ, அந்தப் பக்கம் அவன். அவன் ஒண்ணும் பேசல. தொப்பி மேல பனி விழுது. உள்ள எமில் ‘யாரு, யாரு’ன்னு கேக்கறான். இவ கொக்கியில கைய வச்சுட்டா…”

“ம்?”

“நாக்கு ஒட்டுது. கொஞ்சம் ஐஸ் குடேன்.”

கிண்ணத்தில் இருந்ததெல்லாம் தண்ணீராகியிருந்தது. “இதோ, ஒரு நிமிஷம்” என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அலமு எழுந்தாள்.

ஐஸ் யந்திரம் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு திரும்பும்போது லிஃப்ட் திறந்து அனுசூயா வந்தாள். ரொக்ஸ்பரோவில் இருக்கிறவள். புருஷன் எஞ்சினீயர். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் யார் வீட்டில் எது நடந்தாலும் முதலில் வந்து கரண்டி பிடிக்கிறவள். கையில் பிளாஸ்க், தோளில் பை.

“ரசம் சாதம் குழைச்சுக் கொண்டுவந்திருக்கேன். நீ சாப்பிட்டே ஆகணும். முகத்தப் பாரு எப்படி இருக்குன்னு. டாக்டர் என்ன சொன்னாரு?”

அலமு சொன்னாள். அனுசூயாவின் கண் கலங்கியது. அவள் அழுததும் அலமு அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. பிறகு அனுசூயா தேர்தலைப் பற்றிச் சொன்னாள். தன் புருஷனின் கம்பெனி டொராண்டோவுக்குப் போய்விடும் போலிருக்கிறது, வீட்டை விற்றால் யார் வாங்குவார்கள் என்றாள். கமலினி எப்போது வருவாள் என்று கேட்டாள். அலமு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். விரல்கள் மரத்துப்போனதை உணர்ந்தபோதுதான் கிண்ணத்தின் நினைவு வந்தது.

“அவர் காத்திட்டிருக்காரு” என்று வேகமாக நடந்தாள்.

ஜம்புநாதன் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பலாமா என்று யோசித்தாள். இத்தனை நேரம் பேசிக் களைத்திருப்பார், கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். அனுசூயா கட்டாயப்படுத்தியதால் ஜன்னலோரம் உட்கார்ந்து நாலு வாய் ரசம் சாதம் சாப்பிட்டாள்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. மதியத்துக்கு மேல் மூச்சு வேறு மாதிரி ஆனது. கல்லூரியிலிருந்து நேராக வந்த கமலினி, முதுகுப்பையைக் கழற்றாமலே அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலமு குனிந்து அவர் காதருகே வாயைக் கொண்டுபோனாள். ஆனால் மகள் எதிரில் என்ன கேட்பது? “என்னங்க” என்று மட்டும் கூப்பிட்டாள். இன்னொரு முறை கூப்பிட்டாள். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது மூச்சு ஒரு இடத்தில் நின்று, திரும்ப வந்து, மறுபடி நின்றது. இங்கிலீஷ் நர்ஸ் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். காலையில் படுக்கை விரித்த பெண் அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். இரண்டு பேருமாக விரிப்பை அவர் கழுத்து வரைக்கும் இழுத்துச் சரிசெய்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அனுசூயா சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டாள். லவாலிலிருந்தும் நகரத்துக்குள்ளிருந்தும் தெரிந்தவர்கள் வந்து கூடத்தில் பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினார்கள். அடுத்த வீட்டு கான்யோன் அம்மாள், கண்ணீரோடு ஒரு பெரிய இறைச்சிப் பணியாரத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். இவர்கள் மாமிசம் சாப்பிடாதவர்கள் என்று பத்து வருஷமாக அவளுக்குத் தெரியாது. அலமு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு “மெர்சி” என்றாள். அந்த அம்மாள் கட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மலைமேல் இருக்கிற கல்லறைத் தோட்டத்து எரியூட்டும் கூடத்தில் காரியம் நடந்தது. தெரிந்த ஒருவர் பதிகம் பாடினார். கமலினிதான் கற்பூரம் ஏற்றினாள். ஊரில் என்ன சொல்வார்களோ என்று யாரோ முணுமுணுத்ததற்கு, “ஊரு இங்கயா இருக்கு?” என்று அனுசூயா ஒரே வார்த்தையில் அடக்கினாள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த துறைத் தலைவர் இங்கிலீஷில் பேசினார். ஒரு சின்ன ரயில் ஊரை வைத்து ஒரு தேசத்தையே காட்டியவர், ஹெட்லிக்காரர்களே மறந்துபோன ஹெட்லியை நினைவு வைத்திருந்தவர் என்றார். அலமு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொன்னார், டீசலைப் பற்றிச் சொன்னார். அதோடு முடித்துக்கொண்டார்.

எல்லாரும் வெளியே வந்து கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தபோது அலமு ஜெயசங்கரைத் தேடினாள். ஜம்புநாதனிடம் படித்து, இப்போது அதே துறையில் பாடம் நடத்துகிற இளைஞன். அவரோடு இரண்டு கோடைக்கு ஹெட்லி போய்வந்தவன். ஒரு தூண் ஓரமாக மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றான்.

“ஜெயசங்கர், அங்க ஹில்மான்னு ஒரு அம்மா…”

“ஆமா மேடம். எமிலோட வைஃப். சார் புக்ல நாலாவது சாப்டர்ல வராங்க. அவங்களப் பத்தி சார் உங்ககிட்ட சொல்லியிருக்காரா?”

“கொஞ்சம். எமிலுக்கு உடம்பு முடியாம இருந்தப்போ தம்பி வந்து வாசல்ல நின்னானாமே. அப்புறம் என்ன ஆச்சு?”

ஜெயசங்கர் புருவத்தைச் சுருக்கினான். “தம்பி வந்தாரா? எனக்குத் தெரியாதே மேடம். ஸ்ட்ரைக் தோத்ததோட அந்த சாப்டர் முடிஞ்சிடும். அந்தம்மா வேற ஏதோ சொன்னாங்கன்னு மட்டும் தெரியும். நான்கூட ஒரு தடவை கேட்டேன். ‘அது புத்தகத்துக்குச் சொன்னதில்லப்பா’ன்னுட்டார். எழுதக் கூடாதுன்னு அவங்க சத்தியம் வாங்கிக்கிட்டாங்க போல.”

“அவங்க இப்போ?”

“சார்கிட்ட பேசின வருஷக் குளிர்லயே தவறிட்டாங்க. தம்பி அதுக்கு முன்னாடியே. பண்ணையையும் வித்துட்டுப் போயிட்டாங்க. மேடம், ஊர்லயே இப்ப ஒண்ணும் இல்ல. ஷெட் இருந்த எடத்துல சோளம் போட்டிருக்காங்க.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னான்: “வேணும்னா எழுதிப் போட்டு விசாரிக்கறேன். யாராவது பழைய ஆளுங்க இருப்பாங்க.”

“வேண்டாம்” என்றாள் அலமு. “வாசல்ல நின்னது அவங்க ரெண்டு பேருதான். வேற யாருக்குத் தெரியும்?”

“என்னம்மா கேக்கறே?” என்று கமலினி அருகே வந்தாள்.

“ஒண்ணுமில்ல. தலைய மூடிக்கோ, பனி வருது.”

ஜெயசங்கரின் காரில் புறப்பட்டார்கள். அலமு முன்னால், கமலினியும் அனுசூயாவும் பின்னால். சாம்ப்ளேன் பாலத்தில் ஏதோ விபத்து என்று ரேடியோவில் சொன்னதால் விக்டோரியா பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஆற்றின் மேல் பனி சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அலமு கண்ணை மூடிக்கொண்டாள். கொக்கியில் ஒரு கை. சில நேரம் அது கொக்கியை எடுத்துவிட்டது. தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு ஒருவன் உள்ளே வந்தான், உள்ளறையிலிருந்து யாரு யாரு என்று கேட்ட குரல் அடங்கியது. சில நேரம் அந்தக் கை அப்படியே கீழே இறங்கிவிட்டது. ஹில்மாவின் முகத்தை எப்படிக் கற்பனை செய்தாலும் அது அவளுக்குப் பிடிபடவில்லை. கை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. உருளைக்கிழங்கு சீவிச் சீவி விரல் நுனி கறுத்த கை.

பாலம் இறங்கியதும் ரயில்வே கேட்டில் மணியடித்தது. சிவப்பு விளக்கு மாறி மாறி எரிய, தடுப்புக் கட்டை கீழே இறங்கியது. சரக்கு ரயில் ஒன்று அவசரமில்லாமல் வந்து, பாதி தூரம் கடந்ததும் முக்கி முனகி அப்படியே நின்றுவிட்டது. எதிரே ஒரு தானியப் பெட்டி, அதன் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை பெட்டிகள். முன்னால் நின்ற கார்க்காரர் ஹார்ன் அடித்துப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பின்னாலிருந்த வண்டியும் திரும்பியது.

“எப்ப நகருமோ தெரியாது. அடுத்த ரோட்ல ஒரு அடிப்பாலம் இருக்கு, அப்படிப் போயிடலாமா மேடம்?” என்று ஜெயசங்கர் கேட்டான்.

“வீட்ல எல்லாரும் காத்திருப்பாங்க அலமு” என்றாள் அனுசூயா.

“வேண்டாம்” என்றாள் அலமு. “இது போகட்டும்.”

ஜெயசங்கர் கண்ணாடி வழியாகக் கமலினியைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள். அவன் எஞ்சினை அணைத்தான். வைப்பர் பாதி வழியில் நின்றது. முன் கண்ணாடியில் பனி ஒவ்வொன்றாக வந்து ஒட்டத் தொடங்கியது. முதலில் பெட்டியின் சக்கரங்கள் மறைந்தன, அப்புறம் அதில் எழுதியிருந்த எழுத்துகள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கின் துடிப்பைத் தவிரக் கண்ணாடியில் வேறொன்றும் தெரியவில்லை.